பத்துக்கு ஒன்பதரை

இந்த வருடம் புதிதாக ஆங்கிலம் நடத்த வந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் முதலில் என் அனுதாபத்தைச் சொல்லிவிடுகிறேன். கணக்கு டீச்சருக்கு விடை ஒன்றுதான். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே என்று ஆறாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டு, இரண்டையும் சேர்த்தால் கொடுப்பதும் இல்லை, மேலேயும் இல்லை என்று பதினோராம் வகுப்பில் ஒப்புக்கொள்ள வேண்டிய பிழைப்பு நம்முடையது. முப்பத்தோரு வருடம் அந்தப் பிழைப்பில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் நான். அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதும், வாங்கிய பாராட்டு ஏதாவது ஒன்றை எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனாவில் வந்தது நான் செய்த தவறு. சரி, அதுவே இருக்கட்டும்.

அறுபதுகளின் கடைசி. சென்னையில் பி.டி. என்ற ஆசிரியர் பயிற்சியை முடித்த கையோடு காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். வயது இருபத்து நான்கு. ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கோயில், பட்டுச்சேலை, இட்லி. பொதுத் தேர்வு எழுதுகிற பதினோராம் வகுப்பை என் தலையில் கட்டினார்கள். நாற்பது பெண்கள், அதில் நான்கு பேர் காமாட்சி. அந்த ஊரில் அது அதிசயமில்லை. இனிஷியல் சொல்லித்தான் கூப்பிடுவோம். பாதிக்கு மேல் நெசவு வீட்டுப் பெண்கள், மீதிப் பேர் செவிலிமேடு, ஓரிக்கை, தாமல் என்று சுற்றுப்பக்கத்திலிருந்து வருகிற விவசாய வீட்டுப் பெண்கள்.

அந்த வகுப்புக்கு ஒரு வாரம் முழுக்க 'கிவ் அப்' நடத்தினேன். கரும்பலகையில் ஆறு அர்த்தம் எழுதிப்போட்டேன். பீடியை விட்டுவிட்டார். படிப்பைப் பாதியில் நிறுத்தினாள். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தான். திருடன் போலீசிடம் தானே போய் நின்றான். டாக்டர் கைவிரித்துவிட்டார். பெற்றவள் பிள்ளையைக் கைவிட மாட்டாள். "ஒரே சொல்லு, ஆறு வேலை செய்யுது பாருங்க" என்றேன் பெருமையாக. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "எங்க அண்ணி மாதிரி டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன்.

வீட்டுப்பாடமாகச் சொந்த வாக்கியம் ஐந்து எழுதிவரச் சொன்னேன். நாற்பது நோட்டு வந்தது. அதில் முப்பத்தெட்டு அப்பாக்கள் பீடியை விட்டிருந்தார்கள். அத்தனை அப்பாக்களும் நிஜமாக விட்டிருந்தால் ஊரில் பெட்டிக்கடைக்காரர்கள் பட்டினி கிடந்திருக்க வேண்டும். எல்லாம் கடையில் விற்கும் நோட்ஸிலிருந்து எடுத்தது. எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும், இப்போதும் அப்படித்தான். நோட்டுக் கட்டை மேசையில் தொப்பென்று போட்டேன். "நோட்ஸ்ல இருக்கிறது எனக்கு வேண்டாம். உங்க வீட்ல நெஜமா நடக்கிறதை எழுதுங்க. உண்மையா இருந்தா, தப்பாவே இருந்தாலும் பரவாயில்லை" என்றேன். இதைச் சொன்னவள் நான்தான் என்பதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை இரண்டாவது தடவை நோட்டு வந்தது. திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார். அந்தக் காலத்தில் இன்ஸ்பெக்டர் வந்தால் முதலில் கேட்பது திருத்திய நோட்டு. ஞாயிறு காலையில் சிவப்பு மைப் பேனாவோடு உட்கார்ந்தேன். இருநூறு வாக்கியம், அது போக மற்ற வகுப்புகளின் கட்டுரைகள். நம் தொழிலில் கண் பழகிவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களும் சீக்கிரம் தெரிந்துகொள்வீர்கள். வினைச்சொல் தெரியும், காலம் தெரியும், சொல் இடம் மாறினால் தெரியும். எழுதியவள் தெரிய மாட்டாள். தாமலிலிருந்து வருகிற பெண் ஒருத்தி, எங்கள் எருமை ஏரியை விட்டு எழுந்து வருவதையே விட்டுவிட்டது என்று எழுதியிருந்தாள். அதற்கு மட்டும் சிரித்தது நினைவிருக்கிறது. மற்ற நோட்டுகளில் என்ன இருந்தது என்று அன்று சாயங்காலமே யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். மேலாக நாலைந்து நோட்டைப் புரட்டினார். "திருத்தம் ரொம்ப சுத்தமா இருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

புதன்கிழமை அமாவாசை. அன்று தறி ஓடாது, நெசவு வீடுகளுக்கு அதுதான் விடுமுறை. மறுநாள் வியாழக்கிழமை எம். காமாட்சி வரவில்லை. சன்னல் ஓரத்தில் அவள் உட்காரும் இடத்தில் பி. காமாட்சி உட்கார்ந்திருந்தாள். பதிவேட்டில் ஆப்சென்ட்டுக்கு 'ஆ' போட்டேன், பாடத்துக்குப் போய்விட்டேன். வெள்ளிக்கிழமையும் 'ஆ'. எம். காமாட்சி சத்தமில்லாத பெண். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் இருக்கிற இடம் தெரியாது. நாற்பது பேரில் அப்படிப்பட்ட பெண்தான் நமக்கு முதலில் மறந்துபோவாள்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் தமிழம்மா கேட்டார். தமிழ் நடத்துகிறவரைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடும், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். "சன்னல் ஓரத்துக் காமாட்சி எங்கம்மா? மூணு நாளா காணோமே."

"ஜுரமா இருக்கும்" என்றேன்.

தமிழம்மா விடவில்லை. பி. காமாட்சியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவ நின்னுட்டா தமிழம்மா. தறியில உக்காந்துட்டா. இங்கிலீஷ் டீச்சராண்ட சொல்லிட்டேன்னாளே."

"எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலை" என்று சீறினேன். "பொய் சொல்லாதே."

"பொய் இல்ல டீச்சர். நோட்டுல எழுதிக் குட்த்திருக்கேன்னு சொன்னா."

அந்த நோட்டில் ஒரு வரிகூட எனக்கு ஞாபகம் இல்லையே என்றேன். வெட்கத்தை மறைக்க மனிதர்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். கோபத்தை வேறு பக்கம் திருப்பினேன். பரீட்சைக்கு இரண்டு மாதம் கூட இல்லை, எந்த அப்பன் இப்படிப் பெண்ணை நிறுத்துவான், போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

"கேளு" என்றார் தமிழம்மா. "ஆனா அதுக்கு முன்னாடி அந்த நோட்டை வாங்கிப் படி. ஒரு வரியும் ஞாபகம் இல்லேங்கிறியே."

பிள்ளையார்பாளையத்தில் வீடு. பி. காமாட்சி வழி காட்டிக் கூட்டிப்போனாள். வாசலிலேயே தறிச் சத்தம் கேட்டது. உள்ளே தறிக்குழியில் அப்பா முருகேசன், ஒல்லியான மனிதர், இடுப்பில் நாலு முழ வேட்டி. அவருக்கு வலப்பக்கம் தறியை ஒட்டி எம். காமாட்சி, பாவாடை தாவணியில், கையில் கரைக்குக் குறுக்கிழை ஓட்டும் நாடாக் கட்டையோடு. சுவர் ஓரத்தில் அவள் அம்மா, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை புத்தூர்க் கட்டோடு. என்னைப் பார்த்ததும் தறி நின்றது. காமாட்சி எழுந்து நின்றாள். அவள் முகத்தில் பயம் இல்லை. யாரையோ எதிர்பார்த்து, வராமல் போய், பிறகு அந்த ஆள் வந்து நின்றால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது.

நாலு கேள்வியும் நாக்கு நுனியில் இருந்தது. தமிழம்மா சொன்னதற்காக, "உன் இங்கிலீஷ் நோட்டைக் கொண்டா" என்றேன்.

கொண்டுவந்தாள். நின்றுகொண்டே படித்தேன். முதல் தடவையாக அப்போதுதான் படித்தேன். ஆங்கிலத்தில் அவள் எழுதியிருந்தது இதுதான். என் அம்மா கை உடைந்ததால் தறியில் உட்காருவதை விட்டுவிட்டாள். என் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தை விடச் சொல்கிறார். அமாவாசைக்கு அடுத்த நாள் விட்டுவிடுவேன். என் சன்னல் இடத்தைப் பி. காமாட்சிக்குக் கொடுத்துவிட்டேன். ஐந்தாவது வாக்கியம், தயவுசெய்து என்னைக் கைவிட்டுவிடாதீர்கள்.

முதல் நான்குக்கும் சிவப்பு மையில் சரி போட்டிருந்தேன். ஐந்தாவதில் ஒரு சொல் இடம் மாறியிருந்தது. அதை வளைத்து, அம்புக்குறி போட்டு, போக வேண்டிய இடத்தில் வைத்து, அரை மார்க் குறைத்திருந்தேன். கீழே பத்துக்கு ஒன்பதரை. அதன் கீழே 'வெரி குட்'. அடியில் ஒரு கோடு வேறு.

தறியின் மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

முருகேசன்தான் பேசினார். "சொல்லாம நிக்கக் கூடாது, டீச்சராண்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வாம்மான்னு நான்தான் அனுப்பிச்சேன். சொல்லிட்டேன்னிச்சு. டீச்சர் இன்னா சொன்னாங்கன்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லல, நெறைய மார்க் போட்டாங்கன்னிச்சு."

நான் காமாட்சியைப் பார்த்தேன். "நேர்ல வந்து சொல்லியிருக்கலாமேம்மா."

"நேர்ல சொன்னா அழுதுடுவேன் டீச்சர். இங்கிலீஷ்ல எழுதுனா அழுவ வரல." கொஞ்ச நேரம் நாடாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீங்க படிச்சிட்டுத்தான மார்க் போட்டீங்க? படிச்சும் ஒண்ணும் கேக்கல. அப்போ கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சிக்கினேன்."

தம்பி தங்கைகளே, எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அதில் எதுவும் இப்படி வலித்ததில்லை. அவள் திட்டவே இல்லை.

அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. நான் படித்த படிப்புக்கும் கட்டியிருந்த கஞ்சிபோட்ட புடவைக்கும், அப்பனைக் கூண்டில் ஏற்றி நீதிபதி போலப் பேசுவது சுலபம். பேசியிருந்தால் அவர் தலையாட்டிவிட்டு, நான் போனதும் தறியை ஓட்டியிருப்பார். என்ன தோன்றியதோ, கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'வெரி குட்'டைக் குறுக்கே அடித்தேன். ஒன்பதரையையும் அடித்தேன்.

முருகேசன் பதறிவிட்டார். "இன்னா டீச்சர், போட்ட மார்க்க போய் அடிச்சிட்டீங்க? பாப்பா இன்னா தப்பு பண்ணிச்சு?"

"பாப்பா பண்ணலைங்க. நான் பண்ணினேன். உங்க பொண்ணு என்னைக் கூப்பிட்டிருக்கு, நான் படிக்காமலே மார்க் போட்டுட்டேன். மன்னிக்கணும்."

ஒரு டீச்சர் வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்பதை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது. குழியிலிருந்து எழுந்து வந்து, "உக்காருமா" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் பேச்சு பேச்சாக நடந்தது.

அவர் பக்கத்து நியாயத்தையும் நான் கேட்டாக வேண்டியிருந்தது. அவர் நெய்வது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே வர ஒருவர் கை போதாது. குழியில் இருப்பவர் நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் கரைக்கு நாடா விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதினெட்டு வருடமாக அது மனைவியின் கை. கிணற்றடியில் வழுக்கி விழுந்து அந்தக் கை உடைந்துவிட்டது. தறியில் மூன்று சேலைக்கான பாவு, அதாவது நீளவாட்டு இழை, ஏற்றியாகிவிட்டது, மூன்றும் முகூர்த்தத்துக்குச் சொன்னது.

"நான் வந்து உக்காரட்டா மாமா? எனக்குக் கோர்வை தெரியுமே" என்றாள் பி. காமாட்சி. அவளும் நெசவு வீட்டுப் பெண்தான்.

"தெரியும்மா. ஆனா ஒவ்வொரு கைக்கும் ஒரு இழுப்பு. கை மாறுனா கரையில தெரிஞ்சிடும். இது அவங்க அம்மா கை மாதிரியே வெச்சிருக்குது" என்றார் மகளைக் காட்டி. சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமையைக் கேட்டுவிட்டு அவரை எப்படிக் கோபித்துக்கொள்வது?

"கட்டு எப்ப பிரிப்பாங்க?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"நாப்பது நாளு ஆவும்னாங்க. பத்து போயிடுச்சு."

"அப்ப முப்பது நாள்தானே? பரீட்சைக்கு அம்பது நாள் இருக்கே!"

"அதான்மா நானும் சொல்லிக்கினு இருக்கேன்" என்றாள் அந்த அம்மா. அதுவரை கேட்டதற்கு மேல் வாய் திறக்காதவள். "முப்பது நாளுன்னு ஒக்காருவா, அப்புறம் அடுத்த பாவு வரும். ஒரு தரம் நின்ன பொண்ணு எங்க திரும்பப் போவப் போவுது? எனக்கு அப்டித்தான ஆச்சு. ஏழாவதோட." கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். முருகேசன் நாடாவை எடுத்து மகள் கையில் கொடுத்தார், பிறகு திருப்பி வாங்கித் தறி மேல் வைத்தார்.

அன்று முடிவானது இதுதான். காலையில் பள்ளி, மதியத்துக்கு மேல் தறி. மதியம் நடக்கும் பாடங்களை நான் சாயங்காலம் அங்கேயே வந்து சொல்லித்தருவது. மறுநாள் தலைமையாசிரியையிடம் காமாட்சிக்குத் தினம் அரை நாள் விடுப்புக் கேட்டு அவள் நோட்டையும் நீட்டினேன். அவர் அந்த ஐந்து வரியை இரண்டு தடவை படித்தார். என்னை ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

முப்பது சாயங்காலம். நான் ஸ்டூலில் உட்கார்ந்து படிப்பேன், அவள் கை வேலை செய்யும், காது என்னிடம் இருக்கும். கேள்வி கேட்டால் நாடா ஒரு தடவை போய்த் திரும்பும் நேரத்துக்குள் பதில் வரும். பெரிய பதிலாக இருந்தால் இரண்டு மூன்று வரிசையாகப் பிரித்துச் சொல்வாள். கஷ்டம் அவளால் வரவில்லை, அவள் அப்பாவால் வந்தது. வரலாற்றுப் பாடம் ஆரம்பித்தால் மனிதர் கையை நிறுத்திவிடுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "டீச்சர், அந்த அக்பர் கதய முழுசா சொல்லிட்டு அப்புறம் கேள்வி கேளுங்க. பாதியில நிறுத்துனா கை ஓட மாட்டேங்குது" என்றார். 'கிவ் அப்' என்றால் என்ன என்று அவரும் கேட்டார். ஆறு அர்த்தத்தையும் சொன்னேன். யோசித்துவிட்டு, "பீடி மட்டும் வேணாம் டீச்சர், மத்த அஞ்சும் இருக்கட்டும்" என்றார். காமாட்சி சிரித்துச் சிரித்து நாடாவைத் தவறவிட்டாள். நான் அந்த ஊரில் மனம்விட்டுச் சந்தோஷமாக இருந்தது அந்தச் சாயங்காலங்களில்தான்.

கட்டுப் பிரித்ததும் அம்மா தறிக்குப் போனாள். கை முழுசாக வணங்கப் பத்து நாள் பிடித்தது, மூன்றாவது சேலை நான்கு நாள் தள்ளிப்போனது. அதற்காக முருகேசன் கேட்ட பேச்சு அவருக்குத்தான் தெரியும். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காமாட்சி பரீட்சை எழுதினாள். தேறினாள். மாநிலத்தில் முதல் என்றெல்லாம் இல்லை, ஆங்கிலத்தில் நாற்பத்தாறு. பிற்பாடு ஒரு நெசவாளர் சங்கத்தில் எழுத்து வேலைக்குப் போனாள். ரிசல்ட் வந்த அன்று முருகேசன் பள்ளிக்கே வந்தார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "அந்த மூணு சேலையும் எங்க இருந்தாலும் எனக்குத் தெரியும் டீச்சர்" என்றார். "எங்கெங்க அக்பர் வந்தாரோ அங்கெல்லாம் கோர்வை கொஞ்சம் தளந்திருக்கும்."

இதைப் படித்துவிட்டு நான் பெரிய காரியம் செய்ததாக நினைத்துவிடாதீர்கள். தமிழம்மா அன்று கேட்டிராவிட்டால் நான் பதிவேட்டில் 'ஆ' போட்டுக்கொண்டே இருந்திருப்பேன். அந்தப் பெண் கூப்பிட்டது என்னை, கேட்டது வேறொருவருக்கு.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். எந்த நோட்டானாலும் முதல் தடவை பேனாவை மூடிவைத்துவிட்டுப் படிப்பேன். இரண்டாம் தடவைதான் சிவப்பு மை. நேரம் இரண்டு பங்கு ஆகும், இன்ஸ்பெக்டர் வரும் நாளில் பாதி நோட்டு திருத்தாமல் கிடக்கும், அதற்குத் திட்டும் வாங்கியிருக்கிறேன். படிக்கும்போது ஏதாவது ஒரு வரி உறுத்தினால் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "இது நெஜமாம்மா?" என்று கேட்பேன்.

பெரும்பாலும் சிரிப்பார்கள். "ஐயோ இல்ல டீச்சர், நோட்ஸ்ல இருந்திச்சு" என்பார்கள். எனக்கும் அசடு வழியும். ஆசிரியர் அறையில் இதற்காக என்னைக் கேலி செய்யாத ஆள் இல்லை.

முப்பத்தோரு வருடத்தில் ஏழு பேர் சிரிக்கவில்லை. அந்த ஏழு தடவையும் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்காரும்மா என்றேன்.